இரட்டைப் பூட்டு ஒயின்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒயின் தயாரிக்க அனுமதி வந்துவிட்டது. கூடவே ஓர் ஆளும் வந்துவிட்டார்.

காலையில் பந்தலுக்கு அடியில் நின்று குலைகளில் சுருங்கிப்போன மணிகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். மேட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த மூக்கம்மா கத்தினாள்.

"ஏத்தா ஜெசிந்தா! ஒரு மனுசன் நாக்காலியத் தலையில கவுத்துக்கிட்டு மலையேறி வர்றாரு!"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். தலையில் மர நாற்காலி, ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன் கேரியர். கால்சட்டைப் பையில் ஏதோ கனமாகத் தொங்கியது. பந்தல் வரைக்கும் வந்து, நாற்காலியை இறக்கி, அதில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"நான் நீலமேகம். மதுவிலக்கு இலாகாவிலேர்ந்து வர்றேன். மது தயாரிக்கிற எடத்துல மேற்பார்வை அலுவலர் ஒருத்தர் எப்பவும் இருக்கணும். அது நாந்தான். மது எங்க இருக்குங்க?"

மேலே காட்டினேன். "கொடியில இருக்கு."

பன்னீர் திராட்சைக் குலைகளை அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். அறுவடைக்கு இன்னும் நாளிருக்கிறது என்றேன். பரவாயில்லை, பணி இன்றைக்கே தொடங்கிவிட்டது என்றார். பையிலிருந்து பூட்டை எடுத்தார். ஒயின் அறைக்கு இரண்டு பூட்டு போட வேண்டுமாம். ஒன்றின் சாவி என்னிடம், இன்னொன்றின் சாவி அவரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும்.

அறையில் நான்கு காலி டிரம் இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

ஒயின் என்று சொல்வது நான் மட்டும்தான். பங்குத்தந்தை அல்போன்ஸ் 'திராட்சை ரசம்' என்கிறார். மூக்கம்மா 'சரக்கு' என்கிறாள். இலாகாவுக்கு அது 'மது'. இன்னும் பழமாகவே இருக்கும் ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்.

பிப்ரவரி 4, புதன்

மண்வெட்டி உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் திறந்தோம். மண்வெட்டியை வெளியே எடுக்க அனுமதி உண்டா என்று யோசித்தார். அது மது இல்லை என்பதால் எடுக்கலாம் என்று முடிவானது.

பிப்ரவரி 7, சனி

நாட்குறிப்பில் நான் யாரென்று எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீலமேகம் இன்று கேட்டதால் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. எழுதிவைக்கிறேன்.

இத்தாலியில் பீட்மாண்ட் மலைச்சரிவில் ஆல்தோ என்ற கிழவருக்கு நர்ஸாக இருந்தேன். காலை மருந்து கொடுத்த கையோடு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்குப் போவேன். அவர் வைத ஒவ்வொரு வசவும் ஒரு பாடம். பழத்தை மிதி, தொட்டியில் விடு, எதையும் சேர்க்காதே, அதுவே பொங்கும், அதுவே அடங்கும். அவர் இறந்ததும் ஊர் திரும்பினேன். கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன சரிவுத் தோட்டத்தில் மருந்தடிப்பதை நிறுத்தினேன். உரக்கடைக்காரர் என் முகத்தில் விழிப்பதை நிறுத்தினார். ஊரில் எனக்கு இத்தாலிக்காரி என்று பெயர்.

இரண்டு அறுவடை சாம்பல் நோயில் போனது. இது மூன்றாவது. இதுவும் போனால் திரும்ப நர்ஸ் வேலைதான். ஜெனோவாவில் ஒரு பாட்டி எனக்காகக் காத்திருப்பதாக எர்ணாகுளம் ஏஜென்ஸிக்காரி வாரம் தவறாமல் சொல்கிறாள். ஈஸ்டருக்குள் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். பூசைக்கு வைக்கும் ரசத்தில் எதுவும் கலந்திருக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். என்னுடையது நன்றாக வந்தால் சுற்றுவட்டாரப் பங்குக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் இங்கிருந்தே வாங்கிக்கொள்ள ஃபாதர் அல்போன்ஸ் பேசி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நீலமேகம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஊர்ல ஆபீசர் யாரும் வரலையா?"

"வரல."

"அப்ப எப்படி நம்புனாங்க?"

மத்தியானம் கொண்டைக்குருவி ஒன்று பந்தலிலிருந்து தொப்பென்று விழுந்து, எழுந்து, பக்கவாட்டில் நடந்தது. வெடித்த பழங்கள் வெயிலில் புளித்து, அதைத் தின்ற மயக்கம். நீலமேகம் பதறிவிட்டார். "அப்ப கொடியிலேயே மது உற்பத்தி ஆவுதா?" விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 12, வியாழன்

மேலிடத்துப் பதில் வந்தது. பறவைகள் வளாகத்தை விட்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

நீலமேகம் குடையை விரித்து வைத்துக்கொண்டு குருவிகளுக்கு நடுவே நிற்கிறார். முடிந்தவரை பார்த்துக்கொள்கிறார்.

அவருடைய கேரியரில் தினமும் தயிர்சாதமும் நார்த்தங்காயும்தான். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கம்பத்தில் ஒற்றை அறை. சமைத்துப் போட யாருமில்லை என்று மூக்கம்மா விசாரித்துச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

அறுவடை. விடிந்ததும் மூக்கம்மாவும் ஊர்ப் பெண்களும் கத்தரிக்கோலோடு வந்துவிட்டார்கள். சரிவின் மேல்பாதிதான் எனக்குப் பிடித்தது. அங்கே மண் குறைவு, கல் அதிகம், குலை சிறியது, தோல் தடித்தது. பழம் கையில் பிசுபிசுத்தது. இந்த முறை நோய் இல்லை.

காலால்தான் மிதிக்க வேண்டும். மெஷினில் போட்டால் விதை உடைந்து கசக்கும். மூக்கம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதலில் தொட்டியில் இறங்கினாள். இறங்கியதும் ஆட்டம் போட்டாள். வெளியே ஏறி வந்தபோது நீலமேகம் தடுத்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். கால்ல சாறு ஒட்டியிருக்கு. அது வளாகத்த விட்டு வெளியில போவக் கூடாது."

"ஏய்யா, காலக் கழட்டி வச்சுட்டா போகச் சொல்றீக?"

அவர் சட்டப்புத்தகத்தைப் புரட்டினார். புளிக்காத சாறு மது ஆகாது என்று ஒரு வரி கிடைத்தது. நிம்மதியாக வழிவிட்டார். ஆனாலும் எல்லோரும் கால் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, எதற்கும் இருக்கட்டுமென்று அதையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு மீந்துபோனது. அவருக்குக் கொஞ்சம் கொடுத்தேன். அவர் சைவம். தெரியாமல் போய்விட்டது. ஆனால் சாப்பிட்டார்.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கு வந்தேன். நீலமேகம் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் விபூதி வைப்பீங்களா?" என்று கேட்டார். இன்றைக்கு மட்டும் என்றேன். நாளைக்கும் வைக்கலாமே, நல்லா இருக்கு என்றார்.

டிரம்களில் தோலோடு ஊற்றிவைத்த சாற்றில் இன்னும் அசைவில்லை. ஈஸ்ட் போடு என்கிறது புத்தி. போடாதே என்கிறார் செத்துப்போன ஆல்தோ.

பிப்ரவரி 20, வெள்ளி

பொங்கிவிட்டது!

முதலில் கேட்டது நீலமேகம்தான். நான் வந்தபோது கதவில் காது வைத்து நின்றிருந்தார். "மேடம், உள்ள யாரோ பேசிக்கிட்டிருக்காங்க."

திறந்தோம். நான்கு டிரம்மும் ஒருசேர முணுமுணுத்துக்கொண்டிருந்தன. தோலெல்லாம் மேலே ஏறி மெத்தை போட்டிருந்தது. கையால் அமுக்கினால் கதகதப்பு, கீழேயிருந்து இளஞ்சிவப்பு நுரை. அறை முழுக்க மணம். நான் அழுதேன். பொங்கிய காற்றின் காரத்தில் கண் எரிந்திருக்கும்.

அவர் கைக்குட்டையை நீட்டினார். பிறகு அளவுகோலை டிரம்முக்குள் விட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார். வைத்ததைவிட அதிகமாக இருந்தது. தோல் மேலேறினால் உயரம் கூடும், எடை கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். அளவுகோலுக்கு எடை தெரியாது என்றார்.

இனி காலை, மத்தியானம், மாலை மூன்று வேளையும் தோலை அமுக்கி நனைக்க வேண்டும். விட்டால் மேலே காய்ந்து காடி, அதாவது வினிகர், ஆகிவிடும். அவரோ பத்து மணி பஸ்ஸில் வருகிறவர். இன்று அதைச் சொன்னதும், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஞாயிறு அவருக்கு விடுமுறை. ஒயினுக்கு விடுமுறை கிடையாது. பூசை முடிந்து, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேட்டி கட்டிய ஒருவர் மலையேறி வந்தார். அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் வந்ததும், "நான் இன்னிக்கு வரலைங்க" என்றார்.

"சரி."

"ஞாபகம் வச்சுக்கங்க. நான் வரல. நாளைக்கு யாராவது கேட்டா ரூம் தொறக்கவே இல்ல."

வராதவர் சாவியைப் போட்டார். வராதவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டையை வாங்கி நான்கு டிரம்மிலும் தோலை அமுக்கினார். என்னைவிட நன்றாகவே அமுக்கினார். பிறகு அந்த நாற்காலி அலுவலகத்துடையது என்பதால் அதில் உட்காராமல் பாறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். மாலை மூன்றாவது தடவையும் முடித்துவிட்டுத்தான் போனார்.

வராத மனிதரோடு அவ்வளவு நேரம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆல்தோவின் வசவுகளை இத்தாலியனில் சொல்லிக் காட்டியது மட்டும் நினைவிருக்கிறது. ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டார்.

பிப்ரவரி 23, திங்கள்

கூடுதலாக உள்ள மது எங்கிருந்து வந்தது என்று மேலிடம் கேட்டிருக்கிறது. 'உள்ளேயிருந்து' என்று நீலமேகம் பதில் எழுதினார். அதைவிடச் சரியாக எழுத முடியாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

மோசம். அவரை உடனடியாகப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறார்கள். பூட்டுகளைப் பாதுகாப்பது எப்படி என்பது பற்றியாம். சென்னையில். சனிக்கிழமை வரை. பதிலாக ரத்தினசபாபதி என்றொரு அலுவலர் நாளை வருவார், அவரே மாற்றுச் சாவி கொண்டுவருவார்.

"எஞ்சாவிய உங்ககிட்ட குடுத்துட்டுப் போவ எனக்கு மனசுதான்," என்றார் நீலமேகம். "ஆனா இது அரசாங்கச் சாவி."

கேட்கவில்லையே என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

ரத்தினசபாபதி வரவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

வரவில்லை. கதவுக்கு வெளியே நிற்கும்போதே மணம் மாறுவது தெரிகிறது. பழத்தின் மணத்துக்குள் ஊசி மாதிரி ஒரு புளிப்பு. பூட்டை உடைத்தால் உரிமம் போகும். உடைக்காவிட்டால் ஒயின் போகும். மூக்கம்மா கடப்பாரையோடு வந்து, "நீ அங்கிட்டுத் திரும்பி நில்லு. நாம் பாத்துக்கிறேன்" என்றாள். ஒரு கணம் திரும்பி நின்றேன். பிறகு கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டேன்.

நீலமேகத்துக்கு போன் செய்தேன். முதல்முறையாக.

"வரலையா? எப்படி வருவாரு?" என்று குரலைத் தாழ்த்தினார். "அவரு எம் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. அவரையும் இதே பயிற்சிக்கு அனுப்பியிருக்காங்க."

போனை அவரிடம் கொடுத்தார். ரத்தினசபாபதி மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டார்.

பிறகு நீலமேகம் எழுந்து எங்கோ வெளியே வந்து பேசினார். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. "மேடம், கதவப் பத்திதான் எல்லாம் எழுதியிருக்கு. ஜன்னலப் பத்தி ஒரு வரியும் இல்ல."

பின்சுவரில் ஒரு கம்பி ஜன்னல் இருக்கிறது. எப்படி மறந்தேன்! நீண்ட மூங்கில் ஒன்றை வெட்டி, நுனியில் பலகைத் துண்டைக் கட்டினோம். நான் கல்லின் மேல் ஏறி மூங்கிலை உள்ளே விட, மூக்கம்மா வேறொரு கம்பியிடுக்கில் கண்ணை வைத்து வழி சொன்னாள். "இன்னுங் கொஞ்சம் வடக்க... அய்யோ, அது கால் கழுவுன வாளி... ஆங், அதான், அமுக்கு!"

மூன்று டிரம் எட்டியது. மூலையில் இருந்த நான்காவது எட்டவில்லை. எவ்வளவு முயன்றும் எட்டவில்லை. தோளில் ரத்தம் கட்டிவிட்டது.

பிப்ரவரி 27, வெள்ளி

மூன்று வேளையும் மூங்கில். மாலையில் நீலமேகம் கூப்பிட்டார். நிலவரம் சொன்னேன்.

"போன ஜன்னல்கிட்ட வைங்க. சத்தம் எப்படி இருக்குன்னு பாக்கிறேன்."

வைத்தேன். கை வலிக்கும்வரை வைத்திருந்தேன். திரும்பக் காதில் வைத்தபோது, "நல்லாத்தான் இருக்காங்க" என்றார். டிரம்களை.

சிக்னல் நன்றாக இருந்ததால் பேச்சு கொஞ்சம் நீண்டது. பயிற்சியில் எல்லோருக்கும் ஒரு பூட்டு கொடுத்திருக்கிறார்களாம். சாவி தரவில்லையாம்.

மார்ச் 1, ஞாயிறு

சென்னையிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மலையேறி வந்துவிட்டார், பெட்டியோடு. இன்றைக்கு வந்ததாகவா வராததாகவா என்று கேட்டேன். "வந்ததாகவே இருக்கட்டும்" என்றார்.

திறந்தோம். மூன்று டிரம் அருமை. நான்காவதில் மூக்கை வைத்ததும் தெரிந்துவிட்டது. காடி. சரிவின் மேல்பாதியில் பறித்த பழம் முழுக்க அதில்தான் இருந்தது. கல்லும் வெயிலுமாக வளர்ந்த அந்தச் சின்னக் குலைகள்.

நீலமேகம் டிரம்மின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். துக்க வீட்டில் உட்காருவது போல.

ஏஜென்ஸிக்காரி போன் செய்தாள். ஜெனோவாப் பாட்டி என் போட்டோவைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றாளாம். ஈஸ்டர் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பிழிந்து, தோலை நீக்கி, கண்ணாடி ஜாடிகளில் ஊற்றினோம். உரிமம் வைத்திருப்பவர் ஒரு மடக்கு சுவைத்துப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. நீலமேகம் நேரத்தைக் குறித்துக்கொண்டு, "பாருங்க" என்றார்.

முதலில் நாவல்பழம். பிறகு ஈரக் கல். விழுங்கின பிறகு தொண்டையில் மிளகு மாதிரி ஒரு சூடு. அடியில் கொஞ்சம் கரடுமுரடு, அது அடங்கும். ஆல்தோ இருந்திருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னொரு மடக்கு கேட்டிருப்பார்.

"எப்படி?" என்றார் நீலமேகம்.

சொல்லத் தெரியவில்லை. "நம்ம மலை மாதிரி இருக்கு" என்றேன். அதையே எழுதிக்கொண்டார்.

மார்ச் 12, வியாழன்

பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பிழிந்தபின் அளவு குறைந்துவிட்டதல்லவா, அந்த விசாரணைக்காக.

"முதல்ல கூடுச்சு. இப்ப குறைஞ்சிருக்கு. குறைஞ்சது எங்க போச்சு?"

"கொஞ்சம் தோலோட போச்சு சார்," என்றார் நீலமேகம். "கொஞ்சம் காத்தாப் போச்சு."

"யார் அனுமதி கொடுத்தா?"

"எதுக்கு சார்?"

"காத்துக்கு."

நீலமேகம் விறைப்பாக நின்றார். அவர் கழுத்து வியர்த்திருந்தது. நான் குறுக்கிட்டுச் சர்க்கரை எப்படிச் சாராயமாகவும் காற்றாகவும் பிரிகிறது என்று விளக்கினேன். பெரிய அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காற்றை ஏன் பிடித்து வைக்கவில்லை என்றார்.

அடுத்து நான்காவது டிரம். அது காடியாகிவிட்டது, காடி மது ஆகாது, ஆகவே கணக்கில் வராது என்றார் நீலமேகம். "அப்ப மது காணாமப் போச்சு!" என்றார் பெரிய அதிகாரி. "காணாமப் போவல சார். இங்கதான் இருக்கு. ஆனா அதுவா இல்ல." இருவரும் டிரம்மை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியாக, இது மனிதர் அருந்தத் தக்கதா என்று ஒருவர் சுவைத்துச் சான்று சொல்ல வேண்டும். நான் கூடாது. மூக்கம்மா என் ஆள், அவளும் கூடாது. "ஒரு வாய்க்குக்கூடவா நாம் ஆகாதவளாப் போனேன்?" என்று அவளுக்கு ஒரே கோபம். ஃபாதர் தவக்காலம் முழுக்கப் பூசைக்கு வெளியே தொடுவதில்லை என்று நேர்ந்திருக்கிறார். நீலமேகம் பணியில் இருக்கிறார். பெரிய அதிகாரிக்குச் சர்க்கரை. மீதி இருந்தது ஜீப் டிரைவர்.

டிரைவர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "ஐயா, தக்கதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு குடித்த டிரைவர் வண்டி ஓட்டக் கூடாது என்பது தெரிந்தது. பெரிய அதிகாரியே ஓட்டிக்கொண்டு போனார். மலைப்பாதை அவருக்குப் பழக்கமில்லை. பின்சீட்டிலிருந்து டிரைவர், "ஹாரன் அடிங்க ஐயா, ஹாரன்!" என்று கத்தும் சத்தம் அடிவாரம் வரைக்கும் கேட்டது.

மார்ச் 18, புதன்

ஒயினுக்குச் சான்று வந்துவிட்டது. ஃபாதர் கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய வியாழன் பூசைக்கே வேண்டுமாம்.

கூடவே இன்னொன்றும் வந்தது. காற்றைத் தடுக்கத் தவறியதற்காக நீலமேகத்துக்கு மாற்றல். பக்கத்து மாவட்டத்தில் மூடிக்கிடக்கும் ஆலை ஒன்று. அங்கே ஒன்றும் தயாரிப்பதில்லை. அதனால் ஒன்றும் குறையாது.

நான் பழைய டிரம்களைத் தேய்த்துக் கழுவினேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

மார்ச் 20, வெள்ளி

மேல்முறையீடு செய்யுங்கள் என்று நீலமேகத்திடம் சொன்னேன். வேதியியல் புத்தகத்தையே இணைத்து அனுப்பலாம், நான் எழுதித் தருகிறேன், கட்டாயம் ரத்து செய்வார்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது.

அவர் சட்டப்புத்தகத்தை எடுத்து விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

"மேற்பார்வை அலுவலர், உரிமதாரருக்கு உறவினரா இருக்கக் கூடாது. அப்படின்னு போட்டிருக்கு."

"நீங்கதான் உறவு இல்லையே."

"இல்ல. இங்க இருக்கிறவரைக்கும் இருக்கவும் கூடாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற மாவட்டத்துக்குப் போயிட்டா, அதப் பத்தி ஒரு வரியும் இல்லைங்க. நல்லாப் பாத்துட்டேன்."

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"தகவலுக்காக."

சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இன்னும் நான்கு மணிகூட ஆகியிருக்கவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வரியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 21, சனி

மூக்கம்மாவிடம் பொதுவாகக் கேட்டேன், அரசாங்கச் சட்டத்தில் ஒரு வரி இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று. களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அரைநாள் வேலை போச்சு.

மார்ச் 27, வெள்ளி

நீலமேகம் பொறுப்பை ஒப்படைத்தார். மேல்முறையீடு செய்யவில்லை. வந்த புதியவர் அதே ரத்தினசபாபதி. நல்ல மனிதர். இங்கே ஜன்னல் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட்டார்.

போகும்போது நீலமேகம், "தகவல் கிடைச்சுதுங்களா?" என்றார்.

கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

ஃபாதர் கிண்ணத்தை உயர்த்தியபோது கோயில் விளக்கில் அதன் நிறம் தெரிந்தது. பக்கத்தில் மூக்கம்மா, "நம்ம கால் மிதிச்சதுத்தா அது" என்று காதில் சொன்னாள். ஜெபம் எதுவும் எனக்கு நினைவில் வரவில்லை. அடுத்த அறுவடைக்கும் எங்களுடையதுதான் வேண்டும் என்று பூசை முடிந்ததும் ஃபாதர் சொன்னார்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கடைசி வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை. எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல் பூசை முழுக்க நின்றுகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் எங்களுக்கு அதிகாரி இல்லை, இன்று பணியிலும் இல்லை. ஈஸ்டருக்கென்று ரத்தினசபாபதி முறைப்படி எழுதி வெளியே விட்ட ஒரு பாட்டில் என்னிடம் இருந்தது. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஐம்பத்தொரு வயதில் முதல் மடக்கு. இத்தனை நாள் காவல் காத்தவர்.

சூடான மிளகு ரசம் குடிப்பது போல ஊதிக் குடித்தார். அப்படியே நின்றார். கண் கலங்கியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்குத்தான் பூட்டு வேணும்."

பிறகு ஆல்தோவின் அந்த ஒரு வசவை இத்தாலியனில் அழகாக உச்சரித்தார். அர்த்தம் தெரியாமல்தான். ஈஸ்டர் நாளில் சொல்லத் தகாதது. நான் சிரித்ததில் பிரியாணிப் பாத்திரம் கைநழுவிவிட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

ஏஜென்ஸிக்காரிக்கு நானே போன் செய்தேன். வரவில்லை என்றேன். காரணம் கேட்டாள். கொடிகளை வெட்டிவிடும் நேரம் நெருங்கிவிட்டது. கவாத்து இருக்கிறது என்றேன். கவாத்து என்றால் என்ன வியாதி என்று கேட்டாள்.

ஏப்ரல் 11, சனி

நீலமேகம் நீண்ட விடுப்பில் வந்திருக்கிறார். மூடிய ஆலைக்கு ஆள் இல்லாவிட்டாலும் அது மூடியேதான் இருக்கும் என்று மேலிடமே ஒப்புக்கொண்டதாம். என் பரிசீலனையும் முடிந்தது: மே மாதம் பதிவு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஃபாதருக்குச் சொல்லியாகிவிட்டது, கோயிலில் இல்லையா என்று முதலில் வருத்தப்பட்டு, பிறகு எத்தனை பாட்டில் தேவைப்படும் என்று கேட்டார்.

இன்று கவாத்து தொடங்கினோம். சரிவின் மேல்பாதியிலிருந்து. எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்று இரண்டு கொடியில் வெட்டிக் காட்டிவிட்டு, கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தேன். ஒரு கணு தப்பினால் அந்தக் கொடி இந்தமுறை காய்க்காது. அடுத்த கவாத்து வரை காத்திருக்க வேண்டும்.

அவர் மிகுந்த கவனத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கொடியாக வெட்டிக்கொண்டு போனார். எல்லாம் தப்பு. மூக்கம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தாள்.

நான் பின்னாலேயே போய் விழுந்த குச்சிகளைப் பொறுக்கினேன். கத்தரிக்கோலைத் திரும்ப வாங்கவில்லை. காத்திருந்தால் போகிறது.